“உங்கள் பைபிளில் மத்தேயு 17:21 இருக்கிறதா?”: ஒரு ஃபார்வர்டு செய்தியும் அது கிளப்பிய சண்டையும்

“வசனங்களைக் காணோம்” என்று அலறும் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் பிறந்து, தமிழாக்கப்பட்டு, வாட்ஸ்அப் வேதபாடக் குழுக்களுக்குள் நுழைகிறது. நுழைந்த இடத்திலெல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் காரியங்கள் நடக்கின்றன: பயம், அவசரப் பதில், “கள்ள உபதேசம்” என்ற குற்றச்சாட்டு, கடைசியில் பூட்டப்பட்ட குழு. இந்த ஆய்வு ஏதோ ஒரு குழுவைப் பற்றியதல்ல. திரும்பத் திரும்ப வரும் அந்த வரிசையை ஒரே நிகழ்வாகத் தொகுத்து, எந்த இடத்தில் எது உடைந்தது, என்ன எழுதியிருந்தால் உடைந்திருக்காது என்று பார்க்கிறோம்.

நடந்த வரிசை

குழுவில் பல சபைக்காரர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் கையில் பழைய திருப்புதல் என்ற தமிழ் பைபிள். சிலர் என்ஐவி (NIV) என்ற தற்கால ஆங்கில மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்கள். கத்தோலிக்கர் சிலரிடம் திருவிவிலியம். அங்கே செய்தி வந்து விழுகிறது, பல கை மாறி வந்தது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு. அது சொல்வது நான்கு விஷயம். என்ஐவியிலிருந்து 64,575 வார்த்தைகள் நீக்கப்பட்டன. 45 வசனங்கள் முழுசாகவே நீக்கப்பட்டன. யெகோவா, கல்வாரி, பரிசுத்த ஆவி, சர்வவல்லவர் ஆகிய சொற்கள் எடுக்கப்பட்டன. அதை அச்சிடும் நிறுவனம் சாத்தானைப் பற்றிய புத்தகமும் அச்சிடுகிறது. முடிவில், “இப்போதே மத்தேயு 17:21, 18:11, மாற்கு 11:26, யோவான் 5:4, அப்போஸ்தலர் 8:37 திறந்து பாருங்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்.”

அடுத்து ஒரு சகோதரி கேட்கிறார்: “நிஜமாவே என் பைபிள்ல 17:21 இல்லையே ஐயா. இத்தனை நாள் நான் படிச்சது பைபிளே இல்லையா?”

இந்த நிகழ்வில் கேட்கப்பட்ட உண்மையான கேள்வி இது ஒன்றுதான். கடைசிவரை இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்த ஒருவர் இணையத்திலிருந்து நீண்ட ஆங்கிலக் கட்டுரையை ஒட்டுகிறார். யாரும் வாசிக்கவில்லை. இன்னொருவர் வெளிப்படுத்தல் 22:19ஐப் போட்டு, “எடுத்துப்போட்டவனுக்கு ஐயோ” என்கிறார். மூன்றாமவர், “1 யோவான் 5:7ஐயும் தூக்கிட்டாங்க, திரித்துவத்தையே தூக்கிட்டாங்க” என்று எண்ணெய் வார்க்கிறார். விஷயம் தெரிந்தவர் சலிப்பில் ஒரே வரி எழுதுகிறார்: “அது இடைச்செருகல், எல்லா அறிஞருக்கும் தெரியும்.” அந்த வரி ஸ்கிரீன்ஷாட்டாகி வேறு குழுக்களுக்குப் போகிறது, “இவர் திரித்துவத்தை மறுக்கிறார்” என்ற தலைப்போடு. திரித்துவத்தை உண்மையாகவே ஏற்காத ஒருவர் இதற்காகக் காத்திருந்ததுபோல், “இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே” என்கிறார். கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையை யாரோ போடுகிறார். அட்மின் குழுவைப் பூட்டி, “சமாதானமாயிருங்கள்” என்று ஒரு வசனம் போடுகிறார். சகோதரி குழுவை விட்டுப் போகிறார்.

செய்தியைத் திறந்து பார்த்தால்

முதல் பிழை, செய்தியை மொத்தமாக ஏற்றதும் மொத்தமாகத் தள்ளியதும். அதிலுள்ள நான்கு கூற்றுகளும் நான்கு வகை. ஒன்று பொய், ஒன்று பாதி உண்மை, ஒன்று சொல் அளவில் உண்மை ஆனால் பொருள் அளவில் தவறு, ஒன்று சம்பந்தமில்லாதது. “இது ஃபேக்” என்று ஒரே சொல்லில் முடித்தால், 17:21 நிஜமாகவே இல்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்த சகோதரி இனி உங்களை நம்பமாட்டார்.

சொற்களின் பட்டியலை எடுத்துக்கொள்வோம். இங்கே பைபிளைத் திறந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் அதைத் தமிழ் பைபிளில் தேடிப் பார்ப்பவர் அபூர்வம். கல்வாரி என்ற சொல் நம் பாடல்களிலும் பிரசங்கங்களிலும் நிறைந்திருக்கிறது. பழைய திருப்புதலின் லூக்கா 23:33இல் அது கிடையாது. அங்கே இருப்பது “கபாலஸ்தலம்”. கிரேக்கத்தில் உள்ள சொல்லுக்கு மண்டையோடு என்று பொருள். கல்வாரி அதே பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பழைய ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் அதை அந்த ஒரே வசனத்தில் எடுத்துக்கொண்டது. என்ஐவி “மண்டையோடு” என்று நேராகப் பெயர்த்தது. கல்வாரி இல்லாதது ஒரு சதி என்றால், நாம் உயிராய் நேசிக்கும் பழைய திருப்புதலும் அதே குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டும்.

யெகோவாவும் அப்படித்தான். கிங் ஜேம்ஸ் பைபிளில் அந்த வடிவம், இடப்பெயர்களிலும் பலிபீடப் பெயர்களிலும் சேர்ந்து வருவதையும் கணக்கிட்டால், ஏழே இடங்களில் வருகிறது. மற்ற ஆயிரக்கணக்கான இடங்களில் “கர்த்தர்” என்பதற்கு நிகரான சொல்லே இருக்கிறது. பழைய திருப்புதலும் யாத்திராகமம் 6:3இல் “யேகோவா” என்று வைத்துவிட்டு, வழக்கமாகக் “கர்த்தர்” என்றே எழுதுகிறது. “சர்வவல்லவர்” என்பது சுத்தப் பொய். என்ஐவியில் அதற்குரிய சொல் நூற்றுக்கணக்கான தடவை வருகிறது.

“பரிசுத்த ஆவி” தான் கவனிக்கவேண்டிய இடம். ஆங்கில மூலச்செய்தி குறிப்பிட்டது “ஹோலி கோஸ்ட்” என்ற பழைய வழக்கை. என்ஐவி “ஹோலி ஸ்பிரிட்” என்று எழுதுகிறது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான். செய்தியைத் தமிழாக்கியவர் “பரிசுத்த ஆவி நீக்கப்பட்டது” என்று எழுதியதும், ஆங்கிலத்தில் சொல்மாற்றமாக இருந்தது தமிழில் தேவதூஷணமாக மாறிவிட்டது. எந்த ஆங்கிலச் செய்தியின் தமிழாக்கம் வந்தாலும் முதலில் கேட்கவேண்டியது இது: மூலத்தில் எந்தச் சொல் இருந்தது?

64,575 என்ற எண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளின் சொல் எண்ணிக்கையைக் கழித்தால் வருவது நடை வித்தியாசம். 1 யோவான் 5:7இல் கிங் ஜேம்ஸ் ஆறு சொல்லில் சொல்லித் தொடங்குவதைத் தமிழ் “சாட்சியிடுகிறவர்கள் மூவர்” என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறது. நாலு சொல் திருடுபோய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அச்சகக் கூற்றுக்குத் தேதிகள் போதும். என்ஐவி புதிய ஏற்பாடு 1973இல் வந்தது, முழு பைபிள் 1978இல். செய்தி குற்றம் சாட்டும் நிறுவனம் ஹார்ப்பர்காலின்ஸ். என்ஐவியை அமெரிக்காவில் வெளியிடும் சோண்டர்வனை அது (அப்போது ஹார்ப்பர் அண்ட் ரோ என்ற பெயரில்) வாங்கியது 1988இல், அதாவது மொழிபெயர்ப்பு முடிந்து பத்து ஆண்டு கழித்து. அதே ஹார்ப்பர்காலின்ஸ் 2012இல் தாமஸ் நெல்சனையும் வாங்கியது. புதிய கிங் ஜேம்ஸை வெளியிடுவது தாமஸ் நெல்சன். செய்தியைப் பரப்புகிறவர்கள் பலர் பரிந்துரைக்கும் பைபிளே அதுதான்.

காணாமல்போன வசனங்கள்

இங்கேதான் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டே தொடங்கவேண்டும். கிங் ஜேம்ஸில் எண்ணோடு இருந்து, என்ஐவியின் மேல்பகுதியில் இல்லாத முழு வசனங்கள் புதிய ஏற்பாட்டில் சுமார் 16. நாற்பத்தைந்து அல்ல. அவையும் எடுத்து எறியப்படவில்லை. பக்கத்தின் அடியில், “சில கைப்பிரதிகளில் இப்படி உள்ளது” என்ற குறிப்போடு இருக்கின்றன. செல்போன் செயலியில் அந்த அடிக்குறிப்பு ஒரு சின்ன எழுத்துக்குள் ஒளிந்திருக்கும், தொட்டால்தான் திறக்கும். வசனம் இல்லை என்று நினைப்பவர்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

காரணம் எளிது. கிங் ஜேம்ஸுக்கு அடிப்படையான அச்சுக் கிரேக்கம் எராஸ்மஸ் 1516இல் பாசலில் தொடங்கியது. அவர் கையில் இருந்தவை மிகச் சில, பெரும்பாலும் பிற்காலக் கைப்பிரதிகள். வசன எண்களை அச்சாளர் எஸ்தியேன் 1551இல் போட்டார். நான்காம் நூற்றாண்டுப் பெரிய கைப்பிரதிகளான சினாயும் வத்திக்கானும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டபோது எண்கள் ஏற்கெனவே நிலைத்துவிட்டன. எண்ணை மாற்றமுடியாது, அதனால் 20க்குப் பிறகு 22 வருகிறது.

சகோதரியின் பயத்துக்கு மருந்து, அந்த வசனம் சொன்ன விஷயம் வேறெங்கே பத்திரமாக இருக்கிறது என்று காட்டுவது. மத்தேயு 18:11இன் பொருள் லூக்கா 19:10இல் இருக்கிறது. மாற்கு 11:26 மத்தேயு 6:15இல், மத்தேயு 23:14 மாற்கு 12:40இல், மாற்கு 15:28 லூக்கா 22:37இல். மாற்கு 9:44, 46 இரண்டும் அதே அதிகாரத்தின் 48ஆம் வசனத்தில். ரோமர் 16:24 நான்கு வசனத்துக்கு முன்னாலேயே, 16:20இல். ஒரு சுவிசேஷத்தை மனப்பாடமாய் அறிந்த எழுத்தர் இன்னொன்றைப் படியெடுக்கும்போது தெரிந்த வரியைச் சேர்த்துவிடுவது எவ்வளவு இயல்பு என்பது இந்தப் பட்டியலிலேயே தெரியும். ஜெபத்தையும் உபவாசத்தையும் பற்றிச் சொல்லும் மத்தேயு 17:21க்கு இணை மாற்கு 9:29. ஆனால் இங்கே நேர்மை வேண்டும்: அங்கே ஜெபம் எல்லாப் பிரதியிலும் உண்டு, “உபவாசம்” என்பதில் பிரதிகள் பிரிகின்றன. உபவாச ஜெபத்தை உயிராகக் கொண்டவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மத்தேயு 6:16–18இலும் அப்போஸ்தலர் 13:2–3இலும் உபவாசம் எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருப்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

யோவான் 5:4க்கும் அப்போஸ்தலர் 8:37க்கும் இணை வசனம் இல்லை. மழுப்பக் கூடாது. எத்தியோப்பிய மந்திரியின் விசுவாச அறிக்கையான 8:37ஐ இரண்டாம் நூற்றாண்டின் சபைப் பிதா ஐரேனியுஸ் அறிந்திருந்தார், அது பழமையானது. ஆனால் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, பிற்காலப் பெரும்பான்மைப் பிரதிகளிலும் இல்லை. எராஸ்மஸ் அதை ஒரு கைப்பிரதியின் ஓரத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார்.

வெடித்த இடம்: 1 யோவான் 5:7

“பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.” பழைய திருப்புதலில் வளர்ந்தவர்களுக்கு இது ஞாயிறு பள்ளி வசனம். உங்கள் அச்சுப்பிரதியில் இந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிரேக்கத்தில் இந்த வரி உள்ள கைப்பிரதிகள் சுமார் பத்து. அவற்றில் பாதியில் அது பிற்காலக் கையெழுத்தில் ஓரத்தில் எழுதப்பட்டது. சினாய், வத்திக்கான், அலெக்சாந்திரியப் பிரதிகளில் இல்லை. லத்தீன் பைபிளான வுல்காத்தாவின் மிகப் பழைய பிரதிகளிலும் இல்லை. லத்தீன் எழுத்துகளில் தெளிவாக வருவது நான்காம் நூற்றாண்டின் இறுதியில். எராஸ்மஸின் 1516, 1519 பதிப்புகளில் இல்லை, 1522இல் சேர்த்தார். லூத்தர் 1519 பதிப்பை வைத்துப் பெயர்த்ததால், அவர் உயிரோடிருந்தவரை அவருடைய ஜெர்மன் பைபிளில் இந்த வரி இல்லை. லூத்தர் திரித்துவத்தை மறுத்தவர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். இந்த ஒரு தகவலை அந்த நேரத்தில் குழுவில் போட்டிருந்தால் பாதி வெப்பம் தணிந்திருக்கும்.

இதைவிட வலிமையான வாதம் ஒன்று உண்டு. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டினோப்பிளிலும் குமாரனுடைய, ஆவியானவருடைய தெய்வத்துவத்துக்காகப் போராடிய கிரேக்கப் பிதாக்கள் இந்த வரியை எடுத்து வீசவில்லை. நசியான்சு கிரகோரி பரிசுத்த ஆவியைப் பற்றிய தம் உரையில் இதே பகுதியின் ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்றைப் பற்றி விவாதிக்கிறார்; கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கவேண்டிய ஏழாம் வசனத்தைத் தொடவேயில்லை. ஆக, இந்த வரி இல்லாமலேயே திரித்துவ அறிக்கை எழுதப்பட்டது. வரி போனால் உபதேசம் போய்விடும் என்று பயப்படுகிறவரும், வரி போனதால் உபதேசம் பொய் என்று கொண்டாடுகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: உபதேசத்தை மத்தேயு 28:19, யோவான் 1:1, 2 கொரிந்தியர் 13:14 ஆகியவற்றிலிருந்து கழற்றி ஒற்றை ஆணியில் மாட்டுகிறார்கள்.

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு, அதை அவர்கள் சொல்வதைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். மூன்றாம் நூற்றாண்டின் சபைப் பிதா சிப்பிரியான், “பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் குறித்து, இம்மூவரும் ஒன்று என எழுதியிருக்கிறது” என்ற பொருளில் எழுதுகிறார். அவர் ஏழாம் வசனத்தை மேற்கோள் காட்டுகிறாரா, எட்டாம் வசனத்துக்குப் பொருள் சொல்கிறாரா என்பது விவாதம். எட்டாம் வசனத்தின் ஆவியையும் ஜலத்தையும் இரத்தத்தையும் அகஸ்டின் திரித்துவத்துக்கு அடையாளமாக விளக்கினார் என்பதால் இரண்டாவது சாத்தியமே எங்களுக்கு வலுவாகத் தெரிகிறது. அப்படி ஓரத்தில் எழுதப்பட்ட விளக்கம் வரிக்குள் நுழைந்திருக்கலாம். ஆனால் சிப்பிரியானைக் குறிப்பிடாமல் “எல்லா அறிஞருக்கும் தெரியும்” என்று எழுதினால், சிப்பிரியானைப் படித்த ஒருவர் அடுத்த நிமிடம் உங்களைப் பொய்யர் என்பார்.

எராஸ்மஸ் கதை அதைத்தான் செய்தது. “ஒரே ஒரு கிரேக்கப் பிரதியைக் காட்டினால் சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார், உடனே ஒன்றைத் தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள்” என்பது பழைய பிரதிகளை ஒப்பிட்டுத் தயாரித்த கிரேக்கப் பதிப்பை ஆதரிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன கதை. எராஸ்மஸின் எழுத்துகளில் அப்படி ஒரு வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை என்று ஹென்க் யான் டி யோங்கே 1980இல் காட்டினார். எராஸ்மஸ் சொன்ன காரணம் வேறு: தம்மைத் தூற்றுகிறவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கக்கூடாது என்பது. இன்று டப்ளினில் இருக்கும் அந்தப் பிரதி பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தது என்பதும், அதன் கிரேக்கம் லத்தீனிலிருந்து பெயர்த்த சாயலோடு இருக்கிறது என்பதும் உண்மை. உண்மையே போதுமான இடத்தில் கதையைச் சேர்த்தார்கள். கதை உடைந்தபோது உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளானது.

எழுதியிருக்கவேண்டிய பதில்

மூன்று கேள்விகள் ஒன்றாகக் குழைந்துவிட்டன. எந்தக் கைப்பிரதியில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. ஒரு சொல்லை எப்படிப் பெயர்ப்பது என்பது இன்னொன்று. என்ன விசுவாசிக்கிறோம் என்பது வேறொன்று. 17:21 முதல் வகை, கல்வாரி இரண்டாம் வகை, திரித்துவம் மூன்றாம் வகை. எந்தப் பதிலிலும் முதல் வரியிலேயே எது என்று சொல்லிவிடவேண்டும். இவை மூன்றுக்கும் கீழே, பேசப்படாமல், “நான் ஏமாற்றப்பட்டேனா?” என்ற நான்காவது இருக்கும். முதலில் அதற்குத்தான் பதில்.

சகோதரிக்கு இவ்வளவு போதும்:

“சிஸ்டர், நீங்கள் படித்தது பைபிள்தான். பயப்படவேண்டாம். 17:21 உங்கள் பைபிளில் அடிக்குறிப்பில் இருக்கிறது, 20ஆம் வசனத்தின் முடிவில் உள்ள சின்ன எழுத்தைத் தொட்டுப் பாருங்கள். பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் அந்த வசனம் இல்லை. மறைக்காமல் அதைக் கீழே குறித்திருக்கிறார்கள். ஜெபத்தைப் பற்றி இயேசு சொன்னது மாற்கு 9:29இல் இருக்கிறது. உபவாசத்தைப் பற்றி மத்தேயு 6:16–18 பாருங்கள். செய்தியில் உள்ள மற்ற விஷயங்களில் சில தவறு. ஒவ்வொன்றாக நாளை எழுதுகிறேன்.”

ஏறக்குறைய ஐம்பது சொல், இரண்டே மேற்கோள், அவர் கையாலேயே செய்து பார்க்க ஒரு வேலை. இணைப்பு அனுப்புவதைவிட அடிக்குறிப்பு தெரியும்படி பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவது மேல். மொழிபெயர்ப்பின் பெயரும் அதிகாரமும் படத்தில் தெரியவேண்டும். ஒரு செய்தியில் ஒரு கூற்றுக்கு மட்டும் பதில். நான்குக்கும் சேர்த்து எழுதினால் எதிராளி பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் தாண்டிவிடுவார்.

“இடைச்செருகல்” என்ற சொல்லைத் தவிர்க்கலாம். தமிழில் அதற்கு மோசடி வாடை உண்டு. “பழைய கிரேக்கப் பிரதிகளில் இந்த வரி இல்லை” என்பது அதே தகவல், யாரையும் குற்றம் சாட்டாதது. ஸ்கிரீன்ஷாட்டாக வெட்டப்பட்டாலும் பொருள் மாறாத வாக்கியமாக எழுதவேண்டும். ஆகவே “திரித்துவத்தை நான் விசுவாசிக்கிறேன்” என்பதும் “இந்த வரி பழைய பிரதிகளில் இல்லை” என்பதும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். இரண்டு செய்தியாகப் பிரித்தால் இரண்டாவது மட்டும்தான் பயணம் போகும்.

வெளிப்படுத்தல் 22:19ஐப் போட்டவருக்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லலாம்: “ஒருவன் இவைகளோடே எதையாகிலும் கூட்டினால்…” கூட்டுவதும் குறைப்பதும் இரண்டுமே எச்சரிக்கைக்குள் வருவதால், எது கூட்டியது எது குறைத்தது என்று கைப்பிரதிகளைப் பார்க்காமல் அந்த வசனத்தை யார்மேலும் எறிய முடியாது.

ஃபார்வர்டு செய்தவரிடம் தனியாகப் பேசவேண்டும், மத்தேயு 18:15 சொல்கிறபடி. (அந்த வசனத்தின் “உனக்கு விரோதமாக” என்ற சொல்லே சினாயிலும் வத்திக்கானிலும் இல்லை, அடிக்குறிப்பு எவ்வளவு அன்றாட விஷயம் என்பதற்கு இதுவே சாட்சி.) ஆனால் தவறான கூற்று பொதுவில் வந்தது; அதன் திருத்தமும் பொதுவிலேயே வரவேண்டும். ஆளைத் தனியாக, கூற்றைச் சபையில். இதைத் தலைகீழாகச் செய்துதான் பல குழுக்கள் உடைகின்றன. தனிச் செய்தியில், “அண்ணா, விசுவாசிகளை எச்சரிக்கத்தான் அனுப்பினீர்கள் என்று தெரியும். கல்வாரி விஷயம் மட்டும் நம் பைபிளில் லூக்கா 23:33 பாருங்களேன்” என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால் போதும். அவரே திறந்து பார்த்துத் திருத்தம் போட்டால், நாம் எழுதும் பத்துப் பதிலைவிட அது பேசும்.

அட்மின் பூட்டியது தவறல்ல. பூட்டிய நேரம் தவறு, பூட்டிவிட்டுச் சும்மா இருந்ததும் தவறு. இரண்டாவது “கள்ள உபதேசம்” வந்தவுடன், ஓர் இரவுக்கு, எப்போது திறக்கும் என்று சொல்லிப் பூட்டவேண்டும். அந்த இரவில் சகோதரியின் கேள்விக்கான பதிலைத் தயாராக்கி, திறக்கும்போது அதையே முதல் செய்தியாகப் போட்டுக் குழுவின் மேலே நிலைநிறுத்தி (pin) வைக்கவேண்டும். திரித்துவத்தை ஏற்காதவரோடான விவாதத்துக்கு வேறு நாள், வேறு தலைப்பு. அதை இந்த வசனத்தின்மேல் நடத்தவிடக்கூடாது.

எராஸ்மஸ் கதையைப் போட்டவர் என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் என்றால் செய்தியைத் திருத்தலாம். அதற்குப் பிறகு அழிக்கவேண்டாம், அழித்தால் மறைத்ததாகத் தோன்றும். பழைய செய்தியைச் சுட்டி, “நான் போட்ட இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை. கைப்பிரதிகளைப் பற்றிச் சொன்னது நிற்கிறது” என்று எழுதவேண்டும்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் மாற்கு 16:9–20ஆகத்தான் வரும். 1 யோவான் 5:7க்குச் சொன்ன பதிலை அங்கே நகலெடுக்கக்கூடாது. சினாயிலும் வத்திக்கானிலும் அந்தப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. ஆனால் மிகப் பெரும்பான்மையான கிரேக்கப் பிரதிகளில் இருக்கின்றன, ஐரேனியுஸ் இரண்டாம் நூற்றாண்டிலேயே 16:19ஐ மாற்குவின் வார்த்தையாக மேற்கோள் காட்டுகிறார். ஒரு வரி பத்துப் பிற்காலப் பிரதிகளில் இருப்பதற்கும், பன்னிரண்டு வசனங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளில் இருப்பதற்கும் எடை வேறு. பதிலின் தொனியும் அதற்கேற்ப வேறாகத்தான் இருக்கவேண்டும்.